மூன்று நொடி நிபந்தனை

ஜூலை 8, திங்கள்

முதலிலேயே ஒரு வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். என் குரலைக் கேட்டு நானே ஏமாந்துபோனேன்.

ஆட்டோவுக்கு மேல் ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் முழுக்க விளம்பரம் சொல்கிற தொழில் எனக்கு. முப்பது வருஷம் ஆகிறது. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு என்ன சொன்னேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் காட்ட வேண்டும், அதற்காகத்தான் டைரி. நகைக்கடைக்காரர் கொடுத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் இவ்வளவு எழுதுவதே அதிகம். ஆனால் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழக்கமான பேச்சு, கைக்கும் வந்துவிடுகிறது.

நொடிவரி என்று ஒரு கம்பெனி. போனிலேயே வருமான வரிக் கணக்குப் போடுகிற ஆப். ராஜபாளையம் ரோட்டில் செல்போன் கடைக்கு மாடியில் ஆபீஸ். போன வாரம் மூன்று நாள் அவர்களுக்கு ஓட்டினேன். "வரி பிடித்திருக்கிறார்களா? திரும்ப வாங்கித் தருகிறோம், முற்றிலும் இலவசம், முற்றிலும் இலவசம்." ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து தரம். நூற்றுப் பத்து தரம் ஒன்றைச் சொன்னால் சொல்கிறவனுக்கே அது உண்மையாகிவிடும்.

எனக்கும் ஒரு பிடித்தம் இருந்தது. தென்காசி நகைக்கடை வருஷம் முழுக்கக் கொடுத்த கூலியில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரி என்று பிடித்துக் கட்டியிருந்தார்கள். மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று இருபது. எனக்கு வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லை. கணக்குப் போட்டால் அது திரும்ப வரும்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆப்பைத் திறந்தேன். பெயர், பான் நம்பர், ஆதார், நாலு ஓடிபி. ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் பச்சை டிக் போட்டு "சபாஷ் பூதத்தான்" என்று வருகிறது. பள்ளிக்கூடத்தில் எவரும் எனக்குச் சபாஷ் சொன்னதில்லை. மயங்கிவிட்டேன். பதினொன்றாவது பக்கத்தில் நின்றது. "நீங்கள் தொழில் செய்பவர். உங்களுக்குப் பொருத்தமான பிளான் ரூ.1,499, ஜிஎஸ்டி தனி." வெளியே போனால் இதுவரை நிரப்பியது அழிந்துவிடும், முப்பத்தொன்றாம் தேதிக்குள் போடாவிட்டால் அபராதம் ஐந்தாயிரம் வரை என்று சிவப்பில் ஓடுகிறது. மேலே ஒரு கடிகாரம், பத்து நிமிஷத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வருகிறது.

கட்டிவிட்டேன். ஆயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாயை வாங்க ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்பது ரூபாய். சபாஷ் பூதத்தான்.

ஜூலை 9, செவ்வாய்

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இடது குழாய் கரகரக்கிறது. காதுக்குப் பஞ்சு ஒரு கட்டு, பதினெட்டு ரூபாய். முப்பது வருஷம் தலைக்கு மேல் குழாய் கத்தினால் காது என்ன ஆகும் என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். அதிலிருந்து ரெண்டு காதிலும் பஞ்சு வைக்காமல் வண்டி எடுப்பதில்லை.

காலையில் ஜவுளிக்கடைத் தள்ளுபடி. மாலையில் தேரடித் தெரு வேலம்மாள் பாட்டி சாவு அறிவிப்பு.

என் ஏமாற்றத்தை யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஊரில் நாலு பேரைக் கிண்டல் பண்ணிப் பிழைக்கிறவன் நான்.

ஜூலை 11, வியாழன்

மில் தெருவில் ஆவுடையின் மாவு மில்லுக்குப் போனேன். கம்பு அரைக்க. வேறு ஜோலி ஒன்றும் இல்லை. மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே தும்மியது.

"ஏம்மா ஆவுடை, சாவு அறிவிப்பு சொல்லும்போது எனக்கு அழுகை வரமாட்டேங்குது. உன் மில் வாசல்ல வந்து நின்னு சொன்னா நல்லா இருக்கும்போல."

"மைக்செட்டுக்காரரே, கம்பு எத்தன கிலோ?"

"ரெண்டு."

"போன வியாழக்கெழம ரெண்டு, திங்கக்கெழம ரெண்டு. ஒத்தக்கட்டைக்கு இவ்வளவு கூழா?"

ஊரே என்னை அண்ணாச்சி என்கிறது. இவள் மட்டும் மைக்செட்டுக்காரரே என்பாள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, கையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டு, போனை எடுத்துவந்து காட்டினாள். "நீங்க கூவுனீகல்லா, அத நானும் போட்டேன். ஒரு எடத்துல நிக்குது. பாருங்க."

பைபாஸுக்கு நிலம் எடுத்த பணத்தை பேங்கில் போட்டிருக்கிறாள். வட்டியில் ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் வரியாகப் பிடித்துவிட்டார்கள். அது திரும்ப வந்தால் மகள் நர்சிங் ஹாஸ்டலுக்கு இந்த மாதக் கணக்கு சரியாகும். ஆப்பில் எல்லாம் நிரப்பி, "வட்டி வருமானம் பிளான்" என்று ஆயிரத்து நூற்று எழுபத்தொன்பது கட்டியும்விட்டாள். கட்டியபிறகு "நிபுணர் சரிபார்ப்பு ரூ.1,500" கட்டினால்தான் கணக்கை அனுப்புவோம் என்று நிற்கிறது. இன்னும் அனுப்பப்படவில்லை.

"எதுக்கு ஆவுடை பணம் கட்டுன? ஏமாத்துறாகன்னு தோணலையா?"

"நீங்க முற்றிலும் இலவசம்னு சொன்னீகல்லா. அவனுவ ஏதோ தப்பா கேக்கானுவ, பெறகு திருப்பித் தந்துருவானுவன்னு நெனச்சேன்."

கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அரைக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ஒரு முழு நாளும் தீபன்ராஜை என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அவர்தான் நொடிவரியின் ஏரியா மேனேஜர். மதுரைக்காரர், முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, யாரைப் பார்த்தாலும் சார். யோசித்தவற்றில் சிலதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி ஆடு மேய்ப்பவர் சங்கக் கூட்ட விளம்பரத்தை ரெண்டு மணி நேரம் சுழல விடுவது.

அவர் பைக் சீட்டில் ஆவுடை மில் மிளகாய்த் தூளை லேசாகத் தூவுவது. இது ரொம்ப நேரம் மனசில் இருந்தது. மோப்பம் பிடித்து ஆவுடையிடம் வந்து நிற்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 13, சனி

நேரே போய்க் கேட்டேன். மாடிப்படி ஏறும்போதே சத்தம் போட்டுக்கொண்டு ஏறினேன், அது எனக்குச் சுலபம்.

"என்ன தம்பி, இலவசம்னு என் வாயால சொல்ல வச்சுட்டு, என்கிட்டயே ஆயிரத்து எழுநூறு வாங்கிட்டீகளே."

"சார், உட்காருங்க சார். தண்ணி குடிங்க."

"தண்ணிக்கு எவ்வளவு?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திருப்பி வைத்து ஒரு பதிவைப் போட்டார். என் குரல்தான். முற்றிலும் இலவசம், முற்றிலும் இலவசம், பாட்டு, போன் நம்பர். கடைசியில் சர்ரென்று ஒரு சத்தம், துணி கிழிகிற மாதிரி.

"இந்த எடத்தை மெதுவாக்கிப் போடுறேன், கேளுங்க சார்."

மெதுவாக்கினார். என் குரல் கட்டையாக, போதையில் பேசுகிற மாதிரி சொன்னது: "நிபந்தனைகளுக்கு உட்பட்டது. வருமான வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறுபடும்."

"நாங்க எதையும் மறைக்கல சார். ஊர் பூரா நீங்கதான் சொல்லியிருக்கீங்க. உங்க வாயால."

படியிறங்கி வந்தேன்.

நிபந்தனை வரியை ஒரே மூச்சில் மூன்று நொடியில் முடிப்பேன். ராஜபாளையத்தில் இதே தொழில் செய்கிறவன் ஐந்து நொடி எடுத்துக்கொள்வான். கட்சிக்காரர் முதல் கடைக்காரர் வரை அதற்காகத்தான் என்னைத் தேடி வருகிறார்கள். "அண்ணாச்சி, நிபந்தனையை முழுங்கிச் சொல்றதுல உங்களை அடிக்க ஆள் இல்ல" என்று பாராட்டி ஒருமுறை துண்டு போட்டார்கள். அந்தத் துண்டு இப்போது கொடியில் காய்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

வண்டி எடுக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

நகராட்சிக்குத் தண்ணீர் அறிவிப்பு. "நாளை காலை ஆறு மணிக்குக் குடிநீர் வரும்." மேல ரத வீதியில் ஒரு பொம்பளை நடு ரோட்டில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"தண்ணி வருமா, இல்ல அதுக்கும் பிளான் உண்டா?"

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பதிலுக்கு நானும் ஏதோ கிண்டலாகச் சொல்லியிருப்பேன், ஞாபகம் இல்லை. விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. பெரிய டீக்கடையில் மட்டும் பதினான்கு பேர் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆளாளுக்கு எவ்வளவு போனது என்று. யார் பேச்சைக் கேட்டுப் போட்டாய் என்றால் எல்லாரும் மேலே கையைக் காட்டுகிறார்கள், குழாய் இருக்கிற உயரத்துக்கு.

சாயங்காலம் ரெண்டாம் வார்டில் காலமான பழனிச்சாமி ஆசாரியின் மகன் வந்தார். இறுதி ஊர்வல நேரம் சொல்ல வேண்டும். கூலி பேசிவிட்டு, போகும்போது தயங்கி நின்றார்.

"அண்ணாச்சி, நேரத்த மட்டும் தெளிவாச் சொல்லிருங்க. ஆளுக நம்பி வரணும்லா."

முப்பது வருஷத்தில் இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ஜூலை 17, புதன்

ஆவுடையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அந்த மூன்று நொடியைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மில்லை நிறுத்தவே இல்லை, சத்தத்துக்கு மேலேயே பேசினாள்.

"எங்க வீட்டுக்காரர் எறந்தப்பம் நீங்கதான் சொன்னீக. நெனவிருக்கா?"

நினைவு இருந்தது. பத்து வருஷம்.

"கொழுந்தன், நாத்தனா, அவுக மாமா, பதினாறு பேரு பேரு எழுதிக் குடுத்தோம். ஒருத்தர் பேரும் முழுங்கல நீங்க. ஒவ்வொரு பேரா நிறுத்தி நிறுத்தி. உள்ள படுத்துக் கெடந்தேன், உங்க சத்தத்துலதான் எனக்கு அது நெசம்னு தெரிஞ்சுது." சல்லடையைத் தட்டினாள். "அந்தச் சத்தம் பொய் சொல்லாதுன்னு நெனச்சுட்டேன். அவ்வளவுதான். கம்பு குடுங்க."

கம்பு கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தால் கையில் வைத்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

சாவு அறிவிப்புக்கு என்று ஒரு குரல் உண்டு எனக்கு. மெதுவாக, கட்டையாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. அது எந்தத் தெருவில் கேட்டாலும் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஜனங்கள் வாசலுக்கு வருவார்கள், யார் பெயரோ என்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டு வாசலிலிருந்து அதே குரலில்தான் ஆரம்பித்தேன். வேறு ஆளை வைத்துக்கொள் என்றார்கள். என் வீட்டுக்காரி மாரியம்மா பெயரை வேறு எவன் சரியாகச் சொல்வான்.

மிளகாய்த் தூள் யோசனை திரும்ப வருகிறது.

ஜூலை 19, வெள்ளி

பாத்திமுத்துவின் பிரௌசிங் சென்டருக்கு ஆவுடையைக் கூட்டிப்போனேன். வாசலில் பலகை: வருமான வரிக் கணக்கு, கூலி ரூ.100. இலவசம் என்று எங்கேயும் எழுதவில்லை. அதனால் நம்பினேன்.

"கவர்மெண்டு சைட்டுலயே போடலாம்க்கா. அதுக்கு ஒரு பைசா கெடயாது. என் கைக்குத்தான் நூறு" என்றார் பாத்திமுத்து. இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார். ஓடிபி வந்தது, ஆவுடை நம்பரை வாசித்தாள், போய்ச் சேர்ந்துவிட்டது என்று தாள் வந்தது.

"நீங்களும் இங்க வந்துருக்கலாமே அண்ணாச்சி?"

"நான் பணக்காரன்லா. ஆப்புலதான் போடுவேன்" என்றேன். ஆவுடை சிரித்தாள். முகத்தில் மாவு இருந்தது, கண் ஓரத்தில். நான் சொல்லவில்லை.

அவளுடைய ஐயாயிரத்து அறுநூறு வந்துவிடும். ஆனால் அந்த ஆயிரத்து நூற்று எழுபத்தொன்பது நொடிவரியில்தான் இருக்கிறது. அது என் வாய் வாங்கிக் கொடுத்த பணம். என் ஆயிரத்து எழுநூறு போனால் போகிறது. அதை விடமாட்டேன்.

ஜூலை 22, திங்கள்

நேற்று ஆடித்தபசு. மூன்று நாளாக ஊரே நிரம்பி வழிந்தது. காணாமல்போன பிள்ளைகள் ஏழு, மணிபர்ஸ் ஒன்பது, பாட்டி ஒன்று. பிள்ளைகளும் பாட்டியும் கிடைத்துவிட்டார்கள். தொண்டை புண். வெந்நீரில் உப்பு.

ஜூலை 25, வியாழன்

தீபன்ராஜே போன் பண்ணினார். கடவுள் இருக்கிறார்.

"சார், கடைசி மூணு நாள் ஓட்டணும். இருபத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்ணு. வேற ஆட்டோ எல்லாம் புக் ஆகிடுச்சு சார். பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் மறந்தே போச்சு தம்பி" என்றேன், தேனாக. "விளம்பர மேட்டரைத் தாள்ல எழுதி, சீல் வச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. ஸ்டேஷன்ல பெர்மிஷனுக்குக் கேப்பாக. தாள்ல உள்ளதுல ஒரு எழுத்து கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

"சூப்பர் சார்."

ஜூலை 26, வெள்ளி

தாள் வந்துவிட்டது. அதே வசனம். அதே கடைசி வரி. மூன்று இடத்தில் சீல், அடியில் தீபன்ராஜ் கையெழுத்து. ஸ்டேஷனில் அனுமதி வாங்கி நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். மூன்று நாள் கூலியையும் முன்பணமாக வாங்கிவிட்டேன். ரெண்டு பரோட்டா, சால்னா. நன்றாகப் பசித்தது.

ஜூலை 28, ஞாயிறு

வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தேன். பென்டிரைவில் ஏற்றிவிட்டால் அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருக்கும், நான் வண்டி ஓட்டினால் போதும்.

"வரி பிடித்திருக்கிறார்களா திரும்ப வாங்கித் தருகிறோம் முற்றிலும் இலவசம் முற்றிலும் இலவசம்" என்ற பாகத்தையும் போன் நம்பரையும் ஒரே மூச்சில், மூன்று நொடியில் முடித்தேன். துணி கிழிகிற சத்தம். முப்பது வருஷத் திறமை, எதிலும் பயன்படும்.

பிறகு ஒரு இடைவெளி விட்டேன். பிறகு அந்தக் குரல். நிபந்தனைகளுக்கு. உட்பட்டது. வருமான. வகையைப். பொறுத்துக். கட்டணம். மாறுபடும்.

கேட்டுப் பார்த்தேன். எனக்கே எழுந்து வாசலுக்குப் போக வேண்டும்போல் இருந்தது.

ஜூலை 29, திங்கள்

காலை எட்டு மணி, கழுகுமலை ரோட்டில் ஆரம்பித்தேன். முதல் சுற்றிலேயே வாசல்கள் நிறைந்தன. கையில் கரண்டியோடு, பாதிச் சவரத்தோடு, பல்விளக்கும் பிரஷ்ஷோடு. "யாரு? யாரு போயிட்டாக?" என்கிறார்கள். வண்டி நிற்காமல் மெதுவாகப் போகிறது. கட்டணம். மாறுபடும்.

ஒரு பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஏ, இது அந்த ஆப்பு. துட்டு கேப்பானுவளாம்" என்றார்.

மதியத்துக்குள் மேல ரத வீதி, கீழ ரத வீதி, தேரடி. மில் தெருவில் ரெண்டு தரம் சுற்றினேன். ஆவுடை மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலில் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். மிளகாய் ஓடவில்லை அப்போது.

நாலு மணிக்கு தீபன்ராஜ் பைக்கில் விரட்டிக்கொண்டு வந்து குறுக்கே நிறுத்தினார். பஞ்சை எடுத்தேன்.

"சார், என்ன சார் பண்றீங்க? ஆபீஸ் படியில எழுபது பேர் நிக்குறாங்க."

"விளம்பரம் வேலை செய்யுது போலிருக்கே தம்பி."

"இழவு சொல்ற மாதிரி சொல்றீங்க சார்."

"தாள்ல எந்தக் குரல்னு எழுதலயே." கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன். "ஒரு எழுத்து கூட்டுனேனா? ஒரு எழுத்து கொறைச்சேனா? எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். என் வாயால."

அவர் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். தன் கையெழுத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"நிறுத்துங்க சார். முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், நிறுத்தினா போதும்."

"அய்யய்யோ, மூணு நாள் கூலி வாங்கியிருக்கேன். முப்பத்தொண்ணு வரைக்கும் ஓட்டாட்டி எனக்குத் தூக்கம் வராது."

"என்ன சார் வேணும் உங்களுக்கு?"

இதைக் கேட்கத்தான் பதினைந்து நாளாகக் காத்திருந்தேன். ஆனாலும் பீடி ஒன்று பற்றவைத்து, பாதி குடித்துவிட்டுத்தான் சொன்னேன். "படியில நிக்கிறவுக கட்டுனது அவுகவுகளுக்குத் திரும்பப் போகணும். அது நடந்த நிமிஷம் எனக்குத் தொண்டை கட்டிரும். டாக்டர் சீட்டே வாங்கித் தாரேன்."

ஜூலை 30, செவ்வாய்

ரெண்டாம் நாள். தெரு தெருவாக அதே குரல். தீபன்ராஜின் மேலதிகாரி மதுரையிலிருந்து போன் பண்ணினாராம். போலீஸிலும் புகார் சொல்லியிருக்கிறார்கள். ஏட்டய்யா வந்து தாளை வாங்கி, வண்டியில் ஓடுவதோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு எண்ணூத்தம்பது போச்சு அண்ணாச்சி. நல்லா சத்தமா வையுங்க" என்றார்.

மூணு மணிக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நேரில் வந்து ரசீதைக் காட்டுகிறவர்களுக்கு மட்டும், மாலை ஆறு மணி வரைக்கும். நாற்பத்து மூன்று பேருக்குத் திரும்பியது. ஆவுடைக்கு ஆயிரத்து நூற்று எழுபத்தொன்பதும் போனில் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி மெஸேஜைக் காட்டினாள்.

"உங்களது?"

மணி ஆறரை. ஊரைச் சுற்றிச் சொல்லிக்கொண்டே இருந்ததில் எனக்கு மறந்துவிட்டது.

"என்னோடது நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சம்படத்தில் மாவு கொண்டுவந்து பக்கத்து சீட்டில் வைத்தாள். கம்பு. அன்றைக்கு நான் அரைக்க மறந்து எடுத்துக்கொண்டு வந்த கம்பு என் வீட்டில்தான் இருக்கிறது, இது அவளுடையது.

"எவ்வளவு?"

"போங்க மைக்செட்டுக்காரரே."

ஜூலை 31, புதன்

தொண்டை கட்டிவிட்டது. நிஜமாகவே. டாக்டர் பேசாதே என்றார். வண்டி வீட்டில். நொடிவரி பலகையைக் கழற்றுவதை டீக்கடையில் உட்கார்ந்து கடைசி ஆணி வரைக்கும் பார்த்தேன். தீபன்ராஜ் கீழே இறங்கி வந்து, "பொழப்புல கை வச்சிட்டீங்க சார்" என்றார். பாவமாகத்தான் இருந்தது. இன்னொரு டீ குடித்தேன்.

கூழ் நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

பழனிச்சாமி ஆசாரி வீட்டுக் கருமாதி விசேஷத்தைச் சொல்ல வேண்டுமாம், அவர் மகன் வந்தார். தெளிவாகச் சொல்லுங்கள் என்று இந்தத் தரம் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, "நீங்க பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று போய்விட்டார். குரல் திரும்பிவிட்டது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நகராட்சிக்கு ஒரு நிமிஷ அறிவிப்பு பதிவு செய்தேன். குழாய் பழுது, ரெண்டு நாள் குடிநீர் வராது. நிபந்தனை எதுவும் இல்லை.

பதிவு முடிந்ததும் சும்மா கொஞ்சம் பேசிப் பார்த்தேன். யாரிடமும் இல்லை. எப்படி ஆரம்பிப்பது, எந்தக் குரல் பொருந்தும் என்று. கிண்டல் குரலில் சொல்லிப் பார்த்தேன், சரியில்லை. மற்றக் குரலில் சொல்லிப் பார்த்தேன். அது எதற்கு இங்கே.

ஆகஸ்ட் 3, சனி

காலை ஏழு முதல் ஒன்பதரை வரை குடிநீர் அறிவிப்பு. பதினோரு தெரு. மில் தெருவில் நாலு தரம் சுற்றினேன்.

ஜனங்கள் கை காட்டினார்கள். நானும் கை காட்டினேன். பூக்காரி வண்டிக்குள் ஒரு முழம் மல்லிகையைத் தூக்கிப் போட்டாள். ஏட்டய்யா சல்யூட் அடித்தார். பழைய மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு நகராட்சி ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற சண்முகவேல் ஓடி வந்து வாயை அசைத்தார். பஞ்சை எடுத்தேன்.

"அண்ணாச்சி, தண்ணி ரெண்டு நாள் வராதுன்னு எல்லாருக்கும் வெளங்கிருச்சு. ஆவுடையக்கா எப்பம் பதில் சொல்லுவாகன்னுதான் ஊரே கேக்குது."

நேற்று பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன். அறிவிப்புக்குப் பின்னால் நாற்பது நொடி கூடுதலாக ஏறியிருக்கிறது. மில் அந்த நேரம் ஓடவில்லை, காலையிலிருந்து கரண்ட் இல்லை.

பஞ்சு இல்லாமல் ஒருதரம் கேட்டுப் பார்த்தேன். இடது குழாயில் கரகரப்பு போய்விட்டது. ஒரு சொல்லும் முழுங்கவில்லை.